இஸ்தான்புல் கணக்கில் வராது

அத்தியாயம் பதினேழு

போன வாரம் லுவாவைக் கடை வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டு வந்தோம். வாரி முடித்துவிட்டாள். இப்போது கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஃபோனைத் திருப்பிப் பார்க்கிறாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

லுவாவின் புருஷன் லுவோங் போன வருஷம் இதே நாளில் ஹனோய்க்கு விமானம் ஏறினார். அண்ணன் இறந்து ஒரு வாரம் கழித்துத்தான் டிக்கெட் கிடைத்தது. அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. முதல் வருஷத் திதியையாவது என் கையால் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று அங்கேயே தங்கிவிட்டார்.

கிளம்புமுன், இங்கே தங்கும் அட்டைக்கு ஆபத்தில்லையே என்று கிவேயிடம் ஒரு வார்த்தை கேட்டார். எங்கள் வியட்நாம் ஆட்களுக்கு அதுதான் வழக்கம். முப்பது வருஷம் இந்தச் செக் நாட்டில் இருந்தாலும் அரசாங்க அலுவலக வாசலை நாங்களாக மிதிக்க மாட்டோம். கிவே மாதிரி ஒரு தரகரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவோம்.

"நிரந்தரக் குடியுரிமை மாதிரிதான் அண்ணே இது. நிரந்தரம்னா நிரந்தரம்தானே. கார்டுல பத்து வருஷம் போட்டிருக்கு பாருங்க" என்றார் கிவே.

அந்தப் பத்து வருஷம் அட்டைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்து மண்ணை விட்டு ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் விலகி இருந்தால், இங்கே வாழும் உரிமையே ரத்தாகிவிடும். மகள் தோவா இதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு ஓடி வந்த கதையைத்தான் இரண்டு வாரமாகப் படித்தீர்கள்.

வருஷத் திதி பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிடுமே என்று பார்த்தால், இந்த முறை எங்கள் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் விழுந்து வருஷமே பதின்மூன்று மாதமாகிவிட்டது. திதி கெடுவைத் தாண்டி வருகிறது. அழாத குறையாக அதை விட்டுவிட்டு வர லுவோங் ஒப்புக்கொண்டார். நேற்றே கிளம்பியிருக்கலாம். நேற்று எங்கள் மாதக் கணக்கில் ஏழாம் நாள். "ஏழுல போகாதே, மூணுல திரும்பாதே" என்று எங்களில் ஒரு சொலவடை உண்டு. மனுஷன் ஏழாம் நாளில் படி தாண்ட மாட்டேன் என்று சாதித்து, எட்டாம் நாளான இன்று விடியுமுன் ஏறியிருக்கிறார். இன்றுதான் கெடுவின் கடைசி நாள். இஸ்தான்புல்லில் விமானம் மாறி, மத்தியானம் ப்ராகில் இறங்க வேண்டும்.

கடைக் கதவின் மணி அடித்தது. ஓல்டா கிழவர் உள்ளே வந்தார். அக்குளில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி.

"லீதா, இதை உள்ள வெய்யி. உன் வீட்டுக்காரனுக்கு" என்றார்.

லுவாவை 'லீதா' என்று கூப்பிட ஆரம்பித்ததே இவர்தான். பஞ்சாலையில் அவள் பத்தொன்பது வயசில் வந்து சேர்ந்தபோது இவர் அங்கே மேஸ்திரி. வியட்நாம் பெயர் எதுவும் அவர் நாக்கில் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் செக் பெயர் வைத்துவிட்டார்.

ஜாடியில் புளிக்க வைத்த முட்டைக்கோசு. லுவா மூடியை லேசாகத் திருகிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

"முப்பது வருஷம் இங்க உக்காந்துகிட்டு, இந்த ஊர்ல புதினா சரியில்ல, மீன்ல ருசியில்லன்னு புலம்பினவர். இப்ப ஹனோய்ல இருந்து ஃபோன் போட்டு, வந்ததும் புளிச்ச கோசு வேணுங்கறார். கிறுக்குப் பிடிச்ச மனுஷன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆலை விடுதியின் சாப்பாட்டுக் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. முதல் நாள் தட்டில் விழுந்த கோசையும் மாவு உருண்டையையும் பார்த்துவிட்டு அவளுடன் வந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். எதிர் மேஜையில் இருந்த ஒருத்தன் மட்டும் மூன்று தட்டு வாங்கி, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி ராஜ விருந்து சாப்பிடுவதுபோல நடித்தான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் அந்தக் கூத்து. மூன்றாவது தட்டு முடிந்து அவன் வாந்தி எடுக்க ஓடினபோதுதான் அவள் சிரித்தாள். அவன்தான் லுவோங். அந்த நாட்களை நினைத்தால் லுவாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு இனிக்கும்.

"இன்னிக்கு வரலேன்னா நிஜமாவே உள்ள விடமாட்டாங்களா?" என்று கேட்டார் ஓல்டா. "முப்பது வருஷமா இருக்கானே. எங்களை மாதிரி வரி கட்டறீங்க, எங்களை மாதிரி ஓட்டுப் போடறீங்க."

"ஓட்டா? எனக்கு ஏது ஓட்டு?"

"போன தேர்தலப்ப, யாருக்குப் போட்டேன்னு கேட்டேனே. சிரிச்சியே."

"அதுக்குத்தான் சிரிச்சேன்."

கிழவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். லுவா ஹீட்டர் பக்கத்து ஸ்டூலைக் காட்டி அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தாள்.

கிவே சிகரெட் வாங்க வந்தது அந்த நேரம் பார்த்துத்தான். லுவாவின் முகத்தைப் பார்த்ததும் கதவிலேயே நின்றார்.

"அண்ணி, கோவமா இருக்கீங்களா?"

"சேச்சே. பத்து வருஷம் கழிச்சுக் கோவிச்சுக்கறேன், தம்பி. கார்டுல போட்டிருக்கே."

கிவே அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "நான் என்ன அண்ணி செய்ய? இத்தனை பேர் போய்ட்டு வர்றாங்க, யாரையும் கேட்டதில்ல. அண்ணன் இப்ப எங்க இருக்கார்?"

"இஸ்தான்புல்ல இறங்கியிருப்பார்."

"அப்புறம் என்ன கவலை? இஸ்தான்புல் விமான நிலையம் ஐரோப்பாவுலதானே இருக்கு. பூகோளத்துல பாருங்க. கெடு தப்பிச்சாச்சு."

லுவாவுக்கு ஒரு கணம் அது சரிதானோ என்று பட்டது. கதவு மணி மறுபடி அடித்தது. தோவா வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், மேலே போட்ட வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அம்மா, ப்ராகுல உறைமழை. ஒரு விமானமும் இறங்கல. அப்பாவோட விமானம் ரத்து. இனிமே நாளைக்குக் காலையிலதானாம்."

கிவே மெதுவாக, "அதான் சொல்றேனே, ஏற்கெனவே ஐரோப்பாவுலதான்..." என்று ஆரம்பித்தார்.

"சித்தப்பா, துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்துல இல்ல. அந்த விமான நிலையம் எந்தக் கரையில இருந்தா என்ன? நீங்க இதுவரைக்கும் சொன்னது போதும்."

வயசில் பெரியவரிடம் தோவா இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. கிவே சிகரெட்டை வாங்காமலே போய்விட்டார்.

லுவாவின் ஃபோன் அடித்தது. படத்தில் லுவோங் தெரிந்தார். கையில் இடுப்பு சிறுத்த கண்ணாடிக் கோப்பையில் தேநீர். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டியிருந்தது.

"கவலைப்படாதீங்க. டீக்கடைப் பையன் சொன்னான், ஜலசந்திக்கு இந்தப் பக்கம் ஐரோப்பாவாம்."

"அப்பா, அது கணக்குல வராது" என்றாள் தோவா. "நான் வேற வழி பாக்கறேன். வியன்னாவுக்கு இடம் இல்ல, புடாபெஸ்ட் போயிடுச்சு. சோஃபியாவுக்குச் சாயந்திரம் ஒண்ணு இருக்கு. பல்கேரியா."

"பல்கேரியாவுல எனக்கு என்ன வேலை? என் கார்டு செக் கார்டு. அவன் வாசல்லயே திருப்பி அனுப்புவான். பெட்டி வேற ப்ராகுக்கு எழுதியிருக்கு. மீன் சாறு ஆறு புட்டி இருக்கு அதுல."

"மீன் சாறு வரும்போது வரட்டும்ப்பா."

லுவோங் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த விளையாட்டுப் போய்விட்டது.

"தோவா, கேளு. ராத்திரி ஹனோய்க்கு ஒரு விமானம் இருக்கு. நான் திரும்பிப் போயிடறேன். வந்தாலும் அப்புறம் ஒரு வருஷம் நகரக் கூடாதாமே, கிவே சொன்னான். அண்ணன் அடக்கத்துக்கும் நான் இல்ல. திதிக்கும் இல்லேன்னா நான் என்ன தம்பி? கார்டு போனா போகட்டும். உங்கம்மாவை அங்க வரச் சொல்லு."

படம் அணைந்தது.

லுவா கல்லா மேஜையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள். வரச் சொல்லு என்கிறார். மகள் இங்கே, கடை இங்கே, பின்கட்டில் அவள் வளர்க்கும் எலுமிச்சைப் புல் இங்கே. வயசு அறுபதைத் தொடப் போகிறது. மறுபடியும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? வர வேண்டியது அழுகை. அது கோபமாக வெளியே வந்தது.

"எப்பவும் இதே குணம். ஒரு வேகம் வந்துட்டா முன்ன பின்ன யோசிக்கறதில்ல. அன்னிக்கு ஆலையிலயும் இப்படித்தான் பண்ணினார். நான் வயித்துல இவளோட இருக்கேன்னு தெரிஞ்சதும் ஒப்பந்தப்படி என்னை ஊருக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவருக்கு இன்னும் ரெண்டு வருஷ வேலை மிச்சம். ஒழுங்கா இருந்து சம்பாதிச்சு அனுப்பியிருக்கலாம். சதுரங்கத்துல சண்டை போட்டு, இதோ உக்காந்திருக்காரே, இவர் மூக்குல ஒரு குத்து விட்டார். ஒழுங்கீனம்னு அவரையும் அதே விமானத்துல ஏத்திட்டாங்க. வெறுங்கையோட போய் இறங்கினோம்."

இது தோவாவுக்குத் தெரிந்த கதைதான். புத்தாண்டுக்குப் புத்தாண்டு அப்பாவே நடித்துக் காட்டிச் சொல்லும் கதை.

ஓல்டா காப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்தபடி லுவாவையே பார்த்தார்.

"லீதா, இத்தனை வருஷமா அதையா நம்பிட்டிருக்கே?"

"எதை?"

"அவன் என்னை அடிக்கவே இல்ல."

லுவாவின் கை நின்றது.

"முந்தின நாள் என் ரூமுக்கு வந்தான். உன்னைத் தனியா அனுப்பப் போறாங்கன்னு சொன்னான். அவனாக் கிளம்பறேன்னா விட மாட்டாங்க. தப்புப் பண்ணினவனைத்தான் அனுப்புவாங்க. அதனால, 'என்னை அடிச்சான்னு மேல எழுதிக் கொடுங்க மேஸ்திரி'ன்னு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டான். நான் மாட்டேன்னேன். பொய் எழுத எனக்குப் பயம். விடிய விடிய உக்காந்திருந்தான். கடைசியில எழுதினேன். மூக்குல கட்டு கூடப் போட்டுக்கிட்டு ஒரு வாரம் திரிஞ்சேன், நம்பணுமே."

"ஏன் இதை யாருமே எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். அவன் சொல்லியிருப்பான்னு."

தோவா அம்மாவைப் பார்த்தாள். லுவா துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்த விமானத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களால் கெட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே ஹனோய் வரை போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதைப் பொறுத்துக்கொண்டு வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தான். முப்பத்தேழு வருஷம் கழித்து இப்போது அந்தக் கை ஞாபகம் வந்தது.

தோவா இதற்குள் மூலையில் நின்று ஒரு ஃபோன் பேசி முடித்தாள். வெளிநாட்டவருக்கு உதவும் சங்கம் ஒன்று ப்ராகில் இருக்கிறது. அதில் இருக்கும் வக்கீல் அம்மாளிடம் கேட்டிருந்தாள். பதில் கேட்டுக் கேட்டு அவள் முகம் தெளிந்தது.

"அம்மா, சோஃபியா போதும். செக் நாட்டுக்கே வரணும்னு இல்ல. ஒன்றியத்து மண்ணு எதுவானாலும் சரி, பல்கேரியாவும் ஒன்றியம்தான். செக் கார்டைக் காட்டினா அங்கயே உள்ள விடுவாங்க. போர்டிங் சீட்டை மட்டும் பத்திரமா வெச்சுக்கணும், வந்ததுக்கு அத்தாட்சி. இன்னொண்ணு கேளு. வந்தப்புறம் ஒரு வருஷம் நகரக் கூடாதுங்கறது சுத்தப் பொய். கால் பட்டதும் கணக்கு புதுசா ஆரம்பிக்குது. அடுத்த வாரமே திதிக்குத் திரும்பிப் போகலாம்."

"நான் சொல்றேன்" என்று லுவா ஃபோனை எடுத்தாள்.

லுவோங் எடுத்தவுடன் அவள் கேட்டது வேறு.

"நீங்க ஓல்டாவை அடிச்சீங்களா?"

அந்தப் பக்கம் விமான நிலையத்து அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது.

"எதுக்கு இப்ப அந்தப் பழங்கதை?"

"அடிச்சீங்களா, இல்லையா?"

"கிழவன் உளறிட்டானா?" லுவோங் பெருமூச்சு விட்டார். "நீ தனியாப் போயிருப்பே, லுவா. வயித்துப் புள்ளையோட. கிணத்தடியில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நான் ஆலையில உக்காந்து ஊருக்கு அனுப்பற மொபெட்டுக்குக் காசு சேத்துட்டிருப்பேன். அது நல்லா இல்லன்னு பட்டுது. உங்கிட்ட சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

"அதான்."

"இப்ப நான் இங்க தனியாத்தான் இருக்கேன்" என்றாள் லுவா. அவள் குரல் உடைந்தது. மறைக்கவில்லை. "ஒரு வருஷமா ரெண்டு கிண்ணம் எடுத்து வெச்சு ஒண்ணைத் திருப்பி அடுக்கறேன். அண்ணனுக்குத் தம்பியா இருங்க, வேண்டாங்கல. திதிக்குப் போங்க, அடுத்த வாரமே போகலாமாம், தோவா கேட்டுட்டா. நானும் கூட வர்றேன். கடையைப் பூட்டிட்டு வர்றேன். ஆனா இன்னிக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் காலை வெச்சுட்டுப் போங்க."

இந்தக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து, லுவா அதை ஒரு முழு நாள் பூட்டியதில்லை. அது லுவோங்குக்குத் தெரியும்.

"நீ கடையைப் பூட்டுவியா?"

"பூட்டறேன்."

"பல்கேரியாக்காரன் சட்டுன்னு விடுவானா?"

"விடுவான். வாயை மூடிக்கிட்டு கார்டைக் காட்டுங்க. ஐரோப்பா எங்க ஆரம்பிக்குதுன்னு அவனுக்குப் பாடம் எடுக்காதீங்க."

சாயந்திரம் வரை மூன்று பேரும் கடையை விட்டு நகரவில்லை. இருட்டு சீக்கிரம் விழுந்தது. ஓல்டா சந்தை நாட்களைப் பற்றிப் பேசினார். மறுபடி வந்து சேர்ந்த லுவோங்கும் லுவாவும் எல்லைச் சந்தையில் கடை போட்டு, தோட்டத்துக் குள்ளன் பொம்மைகளை ஜெர்மனிக்காரர்களுக்கு விற்ற காலம் அது. ஒரு நாள் மழையில் பொம்மைகளின் சாயம் எல்லாம் ஓடிவிட்டது. "இது அழுகிற குள்ளன், புது ரகம்" என்று லுவோங் விலையைக் கூட்டி விற்றார். தோவாவுக்கு அப்போது ஆறு வயசு, பெட்டிக்குள் தூங்கினாள். மூவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஃபோனைப் பார்த்தார்கள்.

தோவா டிக்கெட் போடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள். திதிக்கு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போக.

"பாஸ்போர்ட், கார்டு எல்லாம் கல்லா அடியில இருக்கு, எடுத்துக்கோ" என்றாள் லுவா. அவள் ஜாடியைத் திறந்து கோசை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வருகிறவருக்கு இன்றே வேக வைத்தால்தான் ருசி என்று ஒரு சாக்கு.

தோவா சில்லறைத் தட்டைத் தூக்கி, அடியில் இருந்த அம்மாவின் அட்டையை எடுத்தாள். தேதியைப் பார்த்தாள். விளக்குப் பக்கம் திருப்பி இன்னொரு தரம் பார்த்தாள். அட்டை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டிருந்தது.

அட்டை முடிந்தால் உரிமை முடிந்துவிடாது, அது அவளுக்குத் தெரியும். புது அட்டைக்கு எழுதிப் போட்டால் போதும். ஆனால் அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். திதிக்கு இருப்பதோ பன்னிரண்டு நாள். இந்த அட்டையோடு அம்மாவால் ஹனோய்க்குப் போக முடியும். அங்கிருந்து திரும்பி வர எந்த விமானமும் ஏற்றாது.

"என்னடி, கிடைச்சுதா?"

தோவா வாயைத் திறக்குமுன் ஃபோன் அடித்தது.

லுவா கரண்டியோடு ஓடி வந்தாள். படம் ஆடிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு தரை, அதில் லுவோங்கின் ஒரு பழைய பூட்ஸ், பிறகு இன்னொன்று. அதற்கப்புறம்தான் முகம். தொப்பியில் பனித்துகள்.

"ரெண்டு காலும் வெச்சுட்டேன். பாத்துக்கோ."

"விட்டாங்களா?" என்றாள் லுவா.

"கார்டைப் பாத்தான், முகத்தைப் பாத்தான், விட்டுட்டான். ஒரு வார்த்தை கேக்கல. சீட்டு சட்டைப் பையில இருக்கு, பத்திரம்." லுவோங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிருக்கா வேறு எதற்கா, தெரியவில்லை. "சோஃபியா விமான நிலைய வாசல்ல நிக்கறேன் லுவா. ஐஸ் மாதிரிக் காத்து. கரிப் புகை. பக்கத்துல எவனோ கோசு வேக வெக்கறான். அப்படியே நம்ம ஊரு மாதிரி இருக்கு."

"எந்த நம்ம ஊரு?"

தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் லுவோங்குக்கே உறைத்தது. ஓல்டா ஸ்டூலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அடுப்பில் கோசு கொதித்து, அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது.

"காலையில முதல் விமானத்துல வாங்க. கிண்ணம் ரெண்டும் எடுத்து வெக்கறேன்" என்றாள் லுவா. கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பத்தொன்பது வயசுப் பெண்ணின் சிரிப்பு அது. மகளாகப் பிறந்து இத்தனை வருஷத்தில் தோவா அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

அம்மா மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு டிக்கெட் போட்டுட்டியா?"

தோவா அட்டையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் நழுவ விட்டாள்.

"போடறேம்மா" என்றாள்.